ஒரு மேசையில் இரண்டு சட்டி

டோக்கியோ,
8 நவம்பர் 1992

அன்புள்ள அண்ணா,

கடிதத்தை வானிலையில் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். குளிர்கிறது. போதுமா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ அனுப்பிய காரம் போட்ட மீன்முட்டை வந்து சேர்ந்தது. பக்கத்து அறைக்காரி மோப்பம் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினாள். கொடுக்கவில்லை. நானே தின்று தீர்த்தேன்.

இரண்டு செய்தி. முதலில் சிரிக்கிற செய்தி.

டோக்கியோவுக்குக் குடல் பைத்தியம் பிடித்துவிட்டது. நம் வீட்டில் வாரம் மூன்று நாள் கொதிக்கிற அதே மாட்டுக்குடல் சட்டிக்காக, இங்கே தெருமுனை வரை வரிசை நிற்கிறது. மென்மயிர்க் கோட்டுப் போட்ட பெண்கள் எல்லாம் நிற்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை எங்கள் பிரிவுத் தலைவர் எல்லோரையும் அழைத்துப் போனார். போன வருடம் வரை கம்பெனிச் செலவில் விலாங்கு மீன் வாங்கிக் கொடுத்த மனிதர். பங்குச்சந்தை விழுந்ததும் இவர்களுக்குக் குடலின் ருசி தெரிந்துவிட்டது.

"கசுமி, நீ ஃபுக்குவோகாதானே? உங்க ஊர்ச் சாப்பாடு! எப்படிச் சாப்பிடணும்னு சொல்லிக் குடு" என்றார் தலைவர்.

"கொதிச்சதும் சாப்பிடணும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்து மேசை நாகிசா, "இதைச் சாப்பிட்டா முகம் பளபளன்னு ஆயிடுமாம்டி. முன்னாடியெல்லாம் தூக்கித்தான் போடுவாங்களாமே?" என்றாள்.

யார் தூக்கிப் போட்டார்கள், யார் எடுத்தார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. எங்கேயோ யாரோ பச்சைத்தண்ணீரில் கை விறைக்கக் கழுவியிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், என் கையில் வாடை அடிக்கிறது என்று மேசையை ஒரு சாண் நகர்த்திப் போட்டாளே, அவளும் இப்போது இந்த ஊரில்தான் எங்கேயோ வரிசையில் நிற்பாள்.

இரண்டாவது செய்தி. ஷூஜி என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான். சலவைக் கடையில், எங்கள் துணி மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தபோது கேட்டான். சரி என்றேன். இரண்டு குடும்பமும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும், அது முறை, உனக்குத் தெரியும். டிசம்பரில் வைக்கலாம் என்கிறார்கள். அப்பா இடத்தில் நீதான் வர வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நம் தெருவைப் பற்றி நான் ஷூஜியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று பகலில் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் வேறு மாதிரி தோன்றுகிறது. உன் வேலை என்ன என்று அவர்கள் கேட்டால் சொல். கேட்காவிட்டால் நாமாக ஆரம்பிக்க வேண்டாம். இது பயமில்லை.

சரி, பயம்தான்.

உன் தங்கை,
கசுமி

*

ஃபுக்குவோகா,
16 நவம்பர் 1992

கசுமிக்கு உன் அண்ணன் இவாவோ எழுதுவது.

நம் ஆட்களின் உரிமைச் சங்கத்தின் துண்டறிக்கைக்குப் பின்பக்கம் எழுதுகிறேன். முன்பக்கத்தையும் படி, நல்லதுதான் போட்டிருக்கிறோம்.

உன் இரண்டாவது செய்தியை அம்மாவுக்கு வாசித்தேன். சலவைக் கடை என்றதும், "துணியாவது காஞ்சுதாமா?" என்று கேட்டாள். பிறகு எழுந்து போய்ச் சமையலறையில் கொஞ்ச நேரம் பாத்திரத்தை உருட்டினாள். சந்தோஷம் வந்தால் அவள் அப்படித்தான்.

உங்கள் ஊர்ப் பைத்தியம் எங்கள் முதுகை முறிக்கிறது. இறைச்சிக்கூடத்தில் முன்பெல்லாம் குடல் வாங்குகிறவன் பின்வாசலில் வந்து தலையைக் குனிந்துகொண்டு எடுத்துப் போவான். இப்போது டோக்கியோ லாரிகள் முன்வாசலில் ஹாரன் அடிக்கின்றன. குடலின் விலை ஏறிவிட்டது, குடல் கழுவுகிறவனின் விலை ஏறவில்லை. வருடக் கடைசி வேறு. டிசம்பரில் எனக்கு ஒரு நாள்கூட விடுமுறை கிடையாது என்று மேலாளர் சொல்லிவிட்டான். எனவே நான் வர முடியாது. அம்மா வருவாள்.

"கேட்டால் சொல், கேட்காவிட்டால் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் கேட்க வேண்டிய தேவையே இல்லை. போன செவ்வாய்க்கிழமை பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் நம் முனைப் புகையிலைக் கடைக்கு வந்திருக்கிறான். "இந்த இவாவோ குடும்பம் எத்தனை தலைமுறையா இங்க இருக்கு? இவங்க கல்லறை எந்தக் கோயில்ல இருக்கு?" என்று விசாரித்திருக்கிறான். கடைக்காரி சொன்னாளாம்: "ஏன்யா, பொண்ணு பாக்க வந்தியா, நாய் வாங்க வந்தியா? பரம்பரையெல்லாம் கேக்கறே?"

அவன் சிரித்துவிட்டு சிகரெட் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நம் விஷயத்தில் தெருவின் பெயரே போதும். மாடு அறுக்கிறவன், தோல் உரிக்கிறவன், குடல் கழுவுகிறவன் என்று நம்மை ஆற்றோரத்தில் ஒதுக்கி வைத்தார்கள். எல்லோரும் சமம் என்று அரசாங்கம் அறிவித்து நூற்றிருபது வருடம் ஆகிறது. இன்னும் கல்யாணம் என்றால் பழுப்புக் கோட்டு ஒன்று ரயில் ஏறி வருகிறது.

ஆக, உன் மாமியாருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் சாப்பாட்டை நிறுத்தவில்லை. ஒன்று, நல்ல மனுஷியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஏதோ கணக்கு வைத்திருக்க வேண்டும். ஷூஜியிடம் நேராகக் கேள்.

அம்மாவின் வாயைக் கட்ட என்னால் முடியாது. முயற்சி செய்யப் போவதும் இல்லை.

இவாவோ

*

டோக்கியோ,
25 நவம்பர் 1992

அன்புள்ள அண்ணா,

நேராகக் கேட்டேன். ரயில் நிலையத்தில், அவனுடைய வண்டி வருவதற்கு முன்னால்.

"தெரியும்" என்றான்.

"எப்போலேர்ந்து?"

"அம்மா சொன்னாங்க. ஆள் வச்சுப் பாத்திருக்காங்க. எனக்கு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல கசுமி. எனக்கு நீ நீதான்."

வண்டி வந்தது, அவன் ஏறவில்லை. அடுத்த வண்டியிலும் ஏறவில்லை. நான் அழுதுவிட்டேன். சுமை இறங்கிய மாதிரி இருந்தது. அப்புறம் சொன்னான், "அம்மாகிட்ட மட்டும் அந்தப் பேச்சை எடுக்காம இருந்தா நல்லது. அவங்க பழைய காலத்து ஆளு." அவன் அம்மா நம் அம்மாவைவிட ஐந்து வயது இளையவள், அண்ணா. இந்தப் பழைய காலம் எப்போது முடிந்தது என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.

எங்கே சாப்பாடு தெரியுமா? குடல்சட்டிக் கடையில்! மாடியில் தனி அறை எடுத்திருக்கிறான். "உங்கம்மாவுக்குப் பழகின சாப்பாடா இருக்கட்டுமேன்னு பாத்தேன்" என்றான். நல்ல மனதோடுதான் செய்தான். அதனால்தான் திட்டவும் முடியவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுதான். விருந்துச் சாப்பாடு என்றால் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு மூடி. சட்டி என்றால் நடுவில் ஒன்றுதான். ஆபீஸ் விருந்தில்கூட முதலில் பரிமாறுவதற்கென்று வைத்த பொதுக் குச்சியால் எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தில் தலைவர், "நேராவே விடலாமா?" என்று கேட்டார். "விடலாம், விடலாம்" என்றோம். அதற்கப்புறம் அவரவர் வாயில் வைத்த குச்சியாலேயே எல்லோரும் எடுத்தோம். மூன்று வருடமாகப் பேசாத கணக்குப் பிரிவுக்காரன்கூட அன்றைக்கு என்னிடம் பேசினான்.

நம் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்பாள். நிச்சயம் கேட்பாள். ஷூஜியின் அம்மா "விடலாம்" என்று சொல்லிவிட்டால் எனக்குப் போதும். பழுப்புக் கோட்டை மறந்துவிடுவேன். கல்யாணத்தில் பாதி அங்கேயே முடிந்தது என்று எடுத்துக்கொள்வேன். அவள் என்ன சொல்வாள் என்ற இடத்திலேயே என் மனம் நிற்கிறது.

கசுமி

*

ஃபுக்குவோகா,
3 டிசம்பர் 1992

கசுமிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், கையில் ஈரம், எழுத்து பரவினால் பொறுத்துக்கொள்.

அம்மா சனிக்கிழமை காலை புல்லட் ரயிலில் ஏறுகிறாள். பக்கத்து வீட்டில் கிமோனோ இரவல் தருகிறேன் என்றார்கள். "குடல் தெறிச்சுதுன்னா யாரு தொவைக்கிறது?" என்று சொல்லிவிட்டு நீலக் கோட்டை எடுத்து வைத்திருக்கிறாள். கைக்குத் தடவ ஏதோ களிம்பு கொடுத்தார்கள். அதை முழங்காலுக்குத் தடவிக்கொண்டாள்.

உனக்கு ஒன்றே ஒன்று. வணக்கத்துக்கு எவ்வளவு குனிய வேண்டுமோ அவ்வளவு குனி. அதற்கு மேல் ஒரு விரற்கடை குனியாதே.

இவாவோ

*

டோக்கியோ,
9 டிசம்பர் 1992

அன்புள்ள அண்ணா,

அம்மா வந்து சேர்ந்திருப்பாள். "சாப்பிட்டேன், வந்தேன்" என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். மிச்சத்தை நான் எழுதுகிறேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

மாடியில் பாய் விரித்த அறை, தாழ்ந்த மேசை. முறைப்படி ஒரு பக்கம் ஷூஜியின் முராசே குடும்பம், அப்பா, அம்மா, ஷூஜி. எதிரே நானும் நம் அம்மாவும். மேசைமேல் இரண்டு கேஸ் அடுப்பு இருந்தது. ஐந்து பேருக்கு ஒரு சட்டி போதாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பார், எவ்வளவு வெகுளியாக நினைத்திருக்கிறேன்.

வணக்கம் எல்லாம் முடிந்தது. நீ சொன்ன அளவுக்குக் குனிந்தேன். அம்மா முழங்கால் வலியால் அவ்வளவுகூடக் குனியவில்லை. பியர் வந்தது. அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள், "எல்லாரும் ஒண்ணாகப் போறோம். நேராவே குச்சியை விடலாமில்ல?"

ஷூஜியின் அம்மாவும் சிரித்தாள். ரொம்ப நல்ல சிரிப்பு அது, பல் தெரியாமல். "அதுக்காகத்தாங்க ரெண்டு சட்டியாச் சொல்லி வச்சேன். குளிர்காலம், ஜலதோஷம் வேற பரவுது பாருங்க. அவங்கவங்க சட்டியில அவங்கவங்க தாராளமா விடலாம்."

பணிப்பெண் இரண்டு சட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பக்கம் மூன்று கிண்ணம், இந்தப் பக்கம் இரண்டு. ஒரே அடுக்களை, ஒரே குடல், ஒரே சாறு. முட்டைக்கோசும் பூண்டுத்தாளும் அதே உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். ஷூஜி என்னைப் பார்த்தான். "இன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்" என்று சொல்கிற பார்வை.

அம்மா விடவில்லை. "ஜலதோஷம் உங்களுக்கா எங்களுக்கா?"

"ஐயோ, பொதுவாச் சொன்னேங்க."

"பொதுவா வர்ற ஜலதோஷத்துக்குப் பொதுச் சட்டியே போதுமே!"

ஷூஜியின் அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவரிடமிருந்து வந்த முதல் சத்தம் அது. மனைவி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

சாப்பிட ஆரம்பித்தோம். அந்த அம்மாள் ருசித்துத்தான் சாப்பிட்டாள், அதைச் சொல்ல வேண்டும். "எவ்வளவு சுத்தமா இருக்கு! துளி வாடை இல்ல. இவ்வளவு நல்லா இருக்கும்னு நெனைக்கவே இல்ல" என்றாள்.

"கழுவுறவங்க ஒழுங்காக் கழுவினா எதுக்கு நாறப்போகுது?" என்றாள் அம்மா. "நானும் அந்த வேலைதான். மகன் அறுக்கிறான், நான் கழுவுறேன். உங்க ஆளு எங்க புகையிலைக் கடை வரைக்கும் வந்தாரே, சொல்லலையா? சிகரெட் வாங்கினதோட திரும்பிட்டாரா?"

யாரும் கேட்கவில்லை, அண்ணா. கேட்காவிட்டால் சொல்ல வேண்டாம் என்று நான் எழுதியிருந்தேன். அம்மா தானாகச் சொன்னாள். உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். என் முகம் சூடாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டாள். "நாங்க அதைத் தப்பா நெனைக்கலீங்க. அதான் ஒரு நல்ல வழி யோசிச்சு வச்சிருக்கோம். எங்க மச்சினர் ஒருத்தர் சிபாவுல இருக்காரு. பிள்ளை இல்லாதவரு. மொதல்ல கசுமியை அவரு மகளாப் பதிஞ்சுக்குவாரு. அங்கேருந்து எங்க வீட்டுக்கு மருமகளா வருவா. பத்திரிகையில பொண்ணு வீட்டார்னு அவங்க பேரு இருக்கும். நாளைக்குப் பிறக்கிற பிள்ளைங்களுக்கும் ஒரு சங்கடம் இருக்காது பாருங்க."

"கல்யாணத்துக்கு நான் வரலாமா?" அம்மா கேட்டாள்.

"அவ்வளவு தூரம் பயணம், உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்…"

"இவளைப் பெத்தப்ப கஷ்டமா இருந்துச்சு. ரயில்ல உக்காந்துட்டு வர்றதுல என்ன கஷ்டம்?"

நான் ஷூஜியைப் பார்த்தேன். அவன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. "வெறும் காகிதம்தானே கசுமி" என்றான் மெதுவாக. "நமக்குள்ள என்ன மாறப் போகுது?"

அப்போது நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். கையில் இருந்தது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த குச்சி. அதைத் துடைக்கவில்லை. கையை நீட்டி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அவர்கள் சட்டிக்குள் விட்டேன். ஒரு குடல் துண்டையும் கொஞ்சம் பூண்டுத்தாளையும் எடுத்தேன். வாயில் போட்டேன். மென்றேன். விழுங்கினேன்.

"ரெண்டும் ஒரே ருசிதான்" என்றேன்.

குரலை உயர்த்தவில்லை. குச்சியை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இனி அந்தச் சட்டியில் யார் கை வைக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக.

அந்த அம்மாள் தன் குச்சிகளைத் தாங்கியின்மேல் வைத்தாள். இரண்டு நுனியும் சமமாக இருக்கும்படி சரிசெய்து வைத்தாள். அதன் பிறகு அவள் அதைத் தொடவில்லை.

ஷூஜியின் அப்பா கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்தார். பிறகு குச்சியைச் சட்டியில் விட்டு எடுத்துச் சாப்பிட்டார். "ஏங்க" என்றாள் மனைவி. "ஆறிப் போயிடும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை எடுத்தார். அது தைரியமா பசியா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவர் சாப்பிட்டார். அதை நான் மறக்க மாட்டேன்.

ஷூஜியின் குச்சி சட்டிக்கு மேலே வந்தது. ஆவியில் அப்படியே நின்றது. அவன் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, பாட்டிலை எடுத்து அப்பாவின் டம்ளரில் பியர் ஊற்றினான். டம்ளர் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

கடைசியில் பணிப்பெண் வந்து, "மிச்சச் சாறுல நூடுல்ஸ் போட்டுறலாங்களா?" என்று கேட்டாள்.

"எங்க சட்டியில போடும்மா" என்றாள் அம்மா. "அந்தச் சட்டியில அவங்களைக் கேட்டுக்க."

நாங்கள் இருவரும் அவசரமே இல்லாமல் நூடுல்ஸைச் சாப்பிட்டு முடித்தோம். அம்மா மிச்சச் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தாள். அவர்கள் மூவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரயில் நிலையப் படிக்கட்டில் ஷூஜி ஓடிவந்து பிடித்தான். மூச்சு வாங்கியது. "கசுமி, தப்பா எடுத்துக்காத. எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சு, அவ்வளவுதான்."

"தம்பி, நீ ரெண்டு வாய்தான் சாப்பிட்ட. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அவன் உடம்புக்கு என்னவோ என்று விசாரிக்கிற மாதிரி சொன்னாள்.

நான் சொன்னேன், "நான் ஏற்கெனவே ஒரு தடவை பொறந்துட்டேன் ஷூஜி. இன்னொரு தடவை போய் சிபாவுல பொறக்க முடியாது."

அவ்வளவுதான். அறைக்கு வந்து அழுதேன். அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஒன்றரை வருடம், அண்ணா. அம்மா பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். காலையில் கண் விழித்ததும், "அந்த நூடுல்ஸ் கொஞ்சம் குழைஞ்சு போச்சு" என்றாள்.

உன் தங்கை,
கசுமி

*

ஃபுக்குவோகா,
17 டிசம்பர் 1992

கசுமிக்கு,

நீ நினைத்தது தப்பு. அம்மா "சாப்பிட்டேன், வந்தேன்" என்று இருக்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தினம் கொஞ்சம் வளர்கிறது. முதல் நாள் நீ ஒரு துண்டு எடுத்தாய். நேற்றைக் கணக்குப்படி அவர்கள் சட்டியை நீ பாதி காலி செய்துவிட்டாய். புகையிலைக் கடைக்காரி உன் படம் ஒன்று வேண்டும் என்கிறாள், கடையில் மாட்டுவதற்கு.

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் இறைச்சிக்கூடத்தில் உரக்க வாசித்தேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. முப்பது பேர், ரப்பர் பூட்சோடு, சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். நீ கையை நீட்டிய இடம் வந்ததும் ஒருவரும் மெல்லவில்லை. முடிந்ததும் மூலையிலிருந்து ஒருவன், "நல்ல துண்டாப் பாத்து எடுத்துச்சா தங்கச்சி?" என்றான். கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தோம். சிரித்துவிட்டு இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

சங்கத்தில் பத்து வருடமாக மைக் பிடித்துக் கத்துகிறேன். நீ ஒரு குச்சியால் செய்ததை நான் அதில் செய்ததில்லை. எனக்குப் பெருமையாக இருக்கிறது என்று எழுத வராது. எழுதிவிட்டேன்.

வருடப்பிறப்புக்கு வா. எதையும் வாங்கிக்கொண்டு வராதே.

இவாவோ

*

ஃபுக்குவோகா,
20 ஜனவரி 1993

கசுமிக்கு,

நீ டோக்கியோ திரும்பி இரண்டு வாரம்தான் ஆகிறது, அதற்குள் இது. உன் ஷூஜி இங்கே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கையில் டோக்கியோ இனிப்புப் பெட்டி. வாசலில் ஈரப்பனியில் நின்றுகொண்டு பத்து நிமிடமாகக் குனிந்த தலை நிமிரவில்லை. நான் அடித்துவிடுவேனோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அம்மா உள்ளேயிருந்து, "வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காத, குளிரு உள்ள வருது" என்றாள். வந்தான்.

சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. இறைச்சிக்கூடத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். குச்சியை நேராக விடலாமா என்று நம் வீட்டில் எவன் கேட்டான்? அவனும் கேட்கவில்லை. விட்டான். மூன்று கிண்ணம் சாப்பிட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் என்றான்.

மோசமான ஆள் இல்லை, கசுமி. அதுதான் சங்கடம். மோசமானவனாக இருந்தால் கையைக் கழுவிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அந்த யோசனைக்குச் சம்மதித்தது தப்பு என்றான். உன்னிடம் பேசி வைக்கச் சொல்லிக் கேட்டான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நீ இங்க வந்தது உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"ஆபீஸ் வேலையா ஒசாகா போறேன்னு சொல்லியிருக்கேன்" என்றான்.

கூடத்து ஆட்கள் இருவரும் சட்டியைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் அவன் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவன் போன பிறகு நான் அவளைப் பிடித்துக்கொண்டேன், "எதுக்கு இந்த உபசாரம்?" என்று.

"வந்தவனுக்குச் சோறு போட்டேன்டா. பொண்ணைக் குடுக்கல. அதை அவகிட்டத்தான் கேக்கணும்" என்றாள்.

எனவே உன்னிடம் கேட்கிறேன். நான் எந்தப் பக்கமும் சொல்ல மாட்டேன். ஒசாகாவைப் பற்றி எழுதியதிலேயே சொல்லிவிட்டேன் என்று உனக்குத் தோன்றினால் அது உன் பாடு.

இனிப்பு நன்றாகத்தான் இருந்தது. தீர்ந்துவிட்டது.

இவாவோ

*

டோக்கியோ,
7 பிப்ரவரி 1993

அன்புள்ள அண்ணா,

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன சனிக்கிழமை அவனைப் பார்த்தேன். நம் வீட்டில் சாப்பிட்டதைச் சொன்னான், அம்மா ஊற்றிய கரண்டியைச் சொன்னான். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கு மனம் இளகியது, பொய் சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டில், நம் ஆட்கள் நடுவில், அவன் குச்சியை விடுவதில் என்ன இருக்கிறது? அங்கே அவனைப் பார்த்து முகம் சுளிக்க யாரும் இல்லை. அவன் அம்மா பார்க்கிற இடத்தில்தான் அதைச் செய்திருக்க வேண்டும். இனிமேலும் நீயும் அம்மாவும் வருகிற ஒவ்வொரு தடவையும் அவன் ஒசாகா போவான். பிள்ளை பிறந்தால் பிள்ளையையும் ஒசாகாவுக்குப் பழக்குவான். இதை அவனிடமே சொன்னேன். "நீ சொல்றது சரிதான்" என்றான். சரி என்று தெரிந்தும் செய்யாமல் இருப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

வருத்தம் இருக்கிறது. வெட்கம் இல்லை. இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இன்னொரு விஷயம். ஆபீசில் மறுபடியும் குடல்சட்டிக் கடைக்குப் போனோம். என் மேசை வரிசைப் பெண்கள் ஐந்து பேர், "கசுமி, ஒரு தடவை உங்க ஊருக்கே போய்ச் சாப்பிடணும்டி, கூட்டிட்டுப் போ" என்று பிடித்துக்கொண்டார்கள். மார்ச் விடுமுறையில் வாருங்கள் என்றேன். எந்தத் தெரு என்று சொன்னேன். நீ என்ன வேலை செய்கிறாய், அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று சொன்னேன்.

நாகிசாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்தத் தெருன்னா என்ன?" என்று கேட்டாள். உண்மையிலேயே தெரியாது அவளுக்கு. பக்கத்தில் இருந்தவள் குனிந்து அவள் காதில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"மெதுவாச் சொல்ல வேண்டாம்" என்றேன். "நானே சொல்றேன்." எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். தலைவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

மறுநாள் ஒருத்திக்கு மார்ச்சில் வீட்டில் விசேஷம் என்று நினைவு வந்தது. இன்னொருத்திக்குப் பல்வலி, இரண்டு மாதம் இருக்குமாம். மூன்று பேர் வருகிறார்கள். அதில் நாகிசாவும் ஒருத்தி.

அம்மாவிடம் சொல்லி வை. பெரிய சட்டி வேண்டும்.

உன் தங்கை,
கசுமி